புதன்கிழமை டாக்டர்

புதன்கிழமை டாக்டரைத் தொடர்ந்து அனுப்புவதா, நிறுத்திக்கொள்வதா என்று பேசுவதற்கு ஆடி மாதம் ஒரு புதன்கிழமை காலையிலேயே கூட்டம் போட்டிருந்தார்கள். வேலாங்காடு ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போடும் அறையைக் காலி செய்து ஆறு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. காற்று ஜன்னல் கதவைப் பிடித்துப் பிடித்து அடித்தது. நர்ஸ் ஒச்சம்மாள் மருந்துப் பெட்டி ஒன்றை முட்டுக் கொடுத்து அதை நிறுத்தினார்.

என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். நான் முப்பது வருசம் விசைத்தறி ஓட்டியவன். நூல் சுற்றிய தாரை நாடாவுக்குள் போட்டு, அது அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடுவதைப் பார்த்தே வயசு போனது. முட்டி போன பிறகு ஒரு சாயக்கம்பெனி கேட்டில் உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவி மருதாள் இந்த டாக்டரிடம் அட்டை போட்டவர்களில் ஒருத்தி. அவள் போய் மூன்று வருசம் ஆகிறது. எப்படிப் போனாள் என்பதை எழுதப் போவதில்லை, ஊருக்குத் தெரியும்.

"குடும்பத்து ஆளுக சார்புல ஒருத்தர் இருக்கணும்னு ஆர்டர்ல போட்டிருக்காக. வாங்கய்யா, பேசாட்டியும் பரவால்ல" என்று ஒச்சம்மாள் முந்தின நாள் வீட்டுக்கே வந்து கூப்பிட்டிருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். பதினெட்டு வருசம் எங்கள் ஊரில் இருந்தும் பேச்சு மட்டும் மாறவில்லை.

மாவட்டத்திலிருந்து வந்திருந்த அதிகாரியம்மா ஃபைலைப் புரட்டினார். கெட்டவர் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"இங்க மொத்தமே ஆறு அட்டை. போன மாசம் வந்தது ரெண்டு பேரு. மாதவன் ஒம்பது இடத்துக்கு ஓடறாரு. இந்த அரை நாளை வேற ஊருக்குக் குடுத்தா அங்க நாப்பது பேரு வருவாங்க. நான் மேல என்னன்னு எழுதட்டும்?"

மனநல டாக்டர் மாதவனுக்கு முப்பத்தைந்து வயசிருக்கும். அவர் பதில் சொல்வதற்குள் என் போன் அடித்தது. எடுக்கக் கூடாது என்று வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை வெளியே வந்து எடுத்தேன்.

"மாமா, சுருக்கா எங்க ஊட்டுக்குப் போங்க மாமா. அவரு பாப்பாவ உள்ள வெச்சுத் தாப்பாப் போட்டுக்கிட்டாருங்களாம். ஸ்கூல் வேன்காரரு போன் பண்றாரு, பாப்பாவ அனுப்பலீன்னு. நான் கம்பெனில இருந்து கெளம்பிட்டனுங்க. எங்கப்பனும் வண்டியோட வந்துக்கிட்டிருக்காரு."

சண்முகப்பிரியா. எனக்கு எதிர்வீடு. அவள் புருசன் இளங்குமரனின் அப்பாவும் நானும் ஒரே குடோனில் பக்கத்துப் பக்கத்துத் தறி ஓட்டினோம். சொந்தம் கிடையாது. ஆனாலும் அவன் என்னைச் சித்தப்பா என்பான், அதனால் அவள் மாமா என்பாள். அவள் அருள்புரத்தில் பனியன் கம்பெனியில் செக்கிங். அவன் அர்த்தநாரி குடோனில் ஆறு தறி பார்க்கிறான், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. டாக்டரின் ஆறு அட்டைகளில் ஒன்று அவனுடையது. அது ஊரில் யாருக்கும் தெரியாது. அவன் சாப்பிடுவது சர்க்கரை மாத்திரை என்றுதான் அவள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். எனக்குத் தெரிந்ததுகூட, மருதாளோடு போன ஒரு புதன்கிழமை அவர்களை அங்கே பார்த்துவிட்டதால்தான்.

ஒச்சம்மாளிடம் மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். ஓட முடிகிற கால் இல்லை. தறிக் குடோன்களைத் தாண்டும்போது வழக்கம்போலக் காதடைத்தது. எதிர்க்காற்றில் பஞ்சு பறந்து கண்ணில் விழுந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் சாமியப்பன் வந்துவிட்டார்.

சாமியப்பன் பிரியாவின் அப்பா. திருமுருகன்பூண்டியில் இருந்துகொண்டு கம்பெனி வேன் ஓட்டுகிறார். அந்த வேனையே வாசலுக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தார். கூடவே திடமான இரண்டு ஆட்கள். ஒருவன் கையில் கடப்பாரை. வேன் சீட்டின் மேல் நைலான் கயிறு சுருட்டிக் கிடந்தது.

"பொறுத்துப் பொறுத்துப் பாத்தாச்சுங்க. மலைக்கு அந்தப்பக்கம் ஒரு எடம் இருக்குது. கொண்டுபோய் விட்டா அவங்க பாத்துக்குவாங்க. ஆறு மாசத்துக்கு நாம போய்ப் பாக்கவே கூடாதாம்."

"கட்டிப் போடற எடமுங்களா?"

"கட்டாம? கொஞ்சுவாங்களா?" என்றார். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். "உள்ள என்ற பேத்தி இருக்கறா. கருகற வாசம் வருது பாருங்க. ஊட்டக் கொளுத்தறான். டேய், ஒடைங்கடா."

எனக்கும் வாசம் வந்தது. ஆனால் அது வேறு வாசம். ஜன்னல் ஓரமாகப் போய், "நித்யா கண்ணு, அப்பாரு வந்திருக்கறேன்" என்றேன். அவளுக்கு நான் தாத்தா முறை.

"அப்பாரு, அரிசிம்பருப்பு அடி புடிச்சுக்கிச்சு. அப்பா அடுப்ப நிறுத்த மாட்டேங்குது" என்றாள் குழந்தை. அழவில்லை. கோள் சொல்கிற குரல்தான்.

"இளங்குமரா, சாமி, மொதல்ல அடுப்ப நிறுத்து. பாப்பா இருமறா பாரு."

பிறகு அடுப்புத் திருகும் சத்தம் கேட்டது. கடப்பாரைக்காரன் கதவோரம் நெருங்கினான். கையைக் காட்டி நிறுத்தினேன்.

"சித்தப்பா, வெளிய வண்டி நிக்குது."

"நிக்குது."

"பாப்பாவத் தூக்கீட்டுப் போறதுக்குத்தான?"

"பாப்பாவ யாரும் தொட மாட்டாங்க. உன்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கறோம்."

பொய் சொல்லக் கூடாது என்று அந்த நிமிசம் தோன்றியது. மருதாளிடம் நான் நிறையச் சொல்லியிருந்தேன்.

"தறி என் பேரைச் சொல்லுது சித்தப்பா. நாடா அக்கட்டப் போறப்ப 'இளங்'குங்குது, இக்கட்ட வர்றப்ப 'குமரா'ங்குது. ஆறு தறியும் சொல்லுது. அவனுகளுக்கும் கேக்குது, ஆனா கேக்காத மாதிரி தார் மாத்தீட்டு நிக்கறானுக. ஊட்டுக்கு வந்தாலும் நிக்க மாட்டேங்குது. நாலு நாளாச்சு நான் தூங்கி."

"மாத்திரை சாப்பிடறயா?"

உள்ளே தாழ்ப்பாளை இன்னும் இறுக்கித் தள்ளும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் பிரியா வந்து இறங்கினாள். கழுத்தில் கம்பெனி அட்டை, விரலில் துணி வெட்டும் டிரிம்மர் அப்படியே மாட்டியிருந்தது. அப்பாவின் வேனையும் கயிற்றையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏம்ப்பா, மாட்டப் புடிச்சுக் கட்ட வந்தீங்களா?"

"நீ பேசாத. நாலு வருசமா மூடி மூடி வெச்சதுக்குத்தான் இது. சக்கரையாம் சக்கரை! எங்கிட்டயே சக்கரைன்னு சொன்னவதான நீயி?"

"தெரிஞ்சிருந்தா அன்னைக்கே கயித்தோட வந்திருப்பீங்க."

ஸ்கூட்டி சத்தம் கேட்டது. ஒச்சம்மாள் ஓட்டி வர, பின்னால் டாக்டர் மாதவன் ஒரு கையில் பையோடு உட்கார்ந்திருந்தார். கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஒச்சம்மாள் வண்டியை ஸ்டாண்டு போடுவதற்குள்ளேயே சத்தம் போட்டார்.

"ஏய்யா, கடப்பாரைய கீழ போடுங்க. கதவு உள்ள விழுந்தா அந்தப் பச்சப்புள்ள மேலதான விழும்? யோசிச்சீகளா?"

கடப்பாரைக்காரன் சாமியப்பனைப் பார்த்தான். பிறகு அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

டாக்டர் ஜன்னலுக்குப் போகவில்லை. படியில் உட்கார்ந்தார். பிரியாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"மாத்திரை எப்பம்மா குடுக்கறீங்க?"

"சீட்டுல ராத்திரி ஒண்ணுன்னு போட்டிருக்கறீங்களே, அப்பத்தானுங்க. ஏழரை மணிக்குச் சோத்தப் போட்டு, மாத்திரையக் கையில குடுத்து, முழுங்கற வரைக்கும் பாத்துட்டுத்தான் ஷிப்டுக்கு அனுப்புவனுங்க. ஒரு நாள் தப்புனதில்லீங்க."

டாக்டர் அவளையே பார்த்தார். "ஷிப்டுக்கா?"

"ராத்திரி ஷிப்டு வாரத்துலீங்க. எட்டு மணிக்குத் தறிகிட்ட நிக்கோணுமல்லொ."

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். "அது தூக்கம் வர்ற மாத்திரை. படுக்கப் போறதுக்கு முன்னாடி சாப்பிடறது. அதனாலதான் ராத்திரின்னு எழுதறோம்."

உள்ளேயிருந்து இளங்குமரன் பேசினான். கதவுக்கு அந்தப் பக்கம் ஒட்டி நின்றிருக்க வேண்டும்.

"குடுப்பா. நல்லாத்தான் குடுப்பா. ஒம்பது மணிக்கெல்லாம் கண்ணு சொருகும். நின்னுக்கிட்டே தூங்குவேன். ஒருக்கா இழை அறுந்தது தெரியாம அஞ்சு மீட்டர் ஓடிருச்சு. ஒருக்கா நாடா தெறிச்சுக் காதோரம் போச்சு. மொதலாளி அர்த்தநாரி, இன்னொரு தடவ தூங்குனா வராதேன்னு சொல்லிப்போட்டாரு. அப்பறம் என்ன பண்றது? நாக்குக்கு அடியில வெச்சுக்கிட்டு, குடோன் கேட்டுல துப்பீட்டுப் போயிருவேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லொ?" பிரியா எழுந்து கதவில் இரண்டு கையையும் வைத்தாள்.

"நீதான் சீட்டுல போட்ட மாதிரி சாப்பிடோணும்னு அழுவயே."

"டாக்டருகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்."

"அவரு வர்றது பத்து மணிக்கு. பகல் வாரத்துல நான் தறில நிக்கறேன். ராத்திரி வாரத்துல தூங்கறேன். எப்பப் போய்ச் சொல்றது?"

மருதாள் நூல் மில்லில் ராத்திரி ஷிப்டு பார்த்தவள். அவளுக்கும் சீட்டில் ராத்திரி என்றுதான் போட்டிருந்தது. தூங்கி விழுகிறாள் என்று மேஸ்திரி இரண்டு தடவை திருப்பி அனுப்பினான். அப்போது மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான்தான். நல்லாத்தானே இருக்கறே, எதுக்கு அது என்று சொன்னேன். அவளும் சரியென்று கேட்டுக்கொண்டாள். எந்த நேரத்தில் படுப்பவளுக்கு எந்த நேரத்தில் கொடுப்பது என்று யாரிடமும் கேட்கவில்லை. அந்தப் படியோரத்தில் நின்றபோதுதான் எனக்கே அது தெரிந்தது.

"இளங்குமரன்," என்றார் டாக்டர், "தப்பு எங்க பேருல. நீங்க வேலைக்குப் போற நேரத்தை நான் கேட்டதே இல்லை. கதவைத் தொறந்தா பேசலாம். தொறக்கலீன்னாலும் இங்கயேதான் இருப்பேன்."

"வண்டி போகோணும்."

எல்லோரும் சாமியப்பனைப் பார்த்தோம். அவர் அசையவில்லை.

"எம்பேத்திய உள்ள வெச்சுக்கிட்டு எனக்கே கண்டிசன் போடறானா? நான் வண்டிய எடுத்தா, அப்பறம் ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? இந்த டாக்டரு சொல்லுவாரா? நீங்க சொல்லுவீங்களா?"

"நானே பதில் சொல்ல முடியாம நிக்கறவனுங்க," என்றேன். "ஆனா இப்ப ஒடைச்சீங்கன்னா அவன் பாப்பாவ இறுக்கிப் புடிப்பான். அதைய மட்டும் யோசிங்க."

உள்ளேயிருந்து குழந்தை தாத்தாவைக் கூப்பிட்டு, "அப்புச்சி, வண்டிய எடுங்கொ. அப்பாவுக்குப் பயமா இருக்குதாமா" என்றாள்.

சாமியப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஆட்களோடு வேனில் ஏறி உட்கார்ந்தார். நாற்பது வருசம் வண்டி ஓட்டியவர், ரிவர்ஸ் எடுக்கும்போது இரண்டு தடவை வண்டியை ஆஃப் செய்துவிட்டார். தெருமுனை திரும்பும்வரை யாரும் நகரவில்லை.

தாழ்ப்பாள் விலகியது. முதலில் குழந்தை வந்தாள், கையில் கருகின சோற்றுத் தட்டோடு. பின்னால் இளங்குமரன். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. தலைமுடியிலும் புருவத்திலும் ராத்திரி வேலைப் பஞ்சு அப்படியே ஒட்டியிருந்தது. வெயில் தாங்காமல் கையால் மறைத்துக்கொண்டான்.

"டாக்டர், இப்ப சாப்பிட்டாத் தூங்கலாங்களா?"

"தூங்கலாம். ஆனா நாலு நாள் தூங்காதவங்களை மாத்திரை குடுத்து வீட்டுலயே விட்டுட்டுப் போகமாட்டேன். பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. கயிறு கிடையாது, உங்க வீட்டம்மா கூடவே இருக்கலாம்."

அவன் பிரியாவைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். "நான் முன்னால உக்காந்துக்கறேன்" என்றான். பிறகு ஆஸ்பத்திரி ஜீப் வந்தது. முன்சீட்டில் உட்கார்ந்தவன் ஊர் எல்லை தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான் என்று பிரியா பின்னால் சொன்னாள்.

கூட்டம் இரண்டு மணிக்குத்தான் மறுபடி கூடியது. அதிகாரியம்மா போகாமல் உட்கார்ந்திருந்தார். டீ ஆடை கட்டிக் கிடந்தது.

"ஆறு அட்டைன்னீங்க மேடம்," என்றார் டாக்டர். "பத்து மணிக்கு நாம கடையத் தொறக்கறோம். அந்நேரத்துக்கு இந்த ஊர்ல பாதிப் பேரு தறில நிக்கறாங்க, மீதிப் பேரு தூங்கறாங்க. ஆறு பேரு வந்ததே அதிசயம்."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. எழுந்து நின்றேன்.

"எட்டு மணிக்கு ஷிப்டு மாத்தமுங்க. ஏழு மணியில இருந்து ஒம்பது வரைக்கும் இருந்தீங்கன்னா, வேலைக்குப் போறவனும் வருவான், முடிச்சுட்டுப் போறவனும் வருவான். அப்பறம் அந்த ஃபாரத்துல அப்பன் பேரு, சாதி, வருமானம் எல்லாங் கேக்கறீங்க. இந்த வாரம் எந்த ஷிப்டுன்னு ஒரு வரி கேளுங்க. அவ்வளவுதானுங்க."

"ஏழு மணிக்கு மருந்து குடுக்கறவங்க வரணும். அட்டை போடறவங்க வரணும்" என்றார் அதிகாரியம்மா.

"நான் வாரேன். எனக்கு என்ன, புள்ளகுட்டி எல்லாம் வளந்தாச்சு" என்றார் ஒச்சம்மாள். "பார்மசிக்காரத் தம்பியக் கிளப்பிக் கூட்டியாறதுதான் கஷ்டம்."

அதிகாரியம்மா முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு எழுதினார். மூன்று மாதம் சோதனை முறையில் காலை ஏழு முதல் ஒன்பது. ஆள் வராவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று எழுந்து போகும்போது சொன்னார். "தறிக்காரங்ககிட்ட யாரு போய்ச் சொல்றது? நோட்டீஸ் ஒட்டினா படிப்பாங்களா?"

படிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். படித்தாலும் படித்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

ஒன்பது நாள் கழித்து இளங்குமரன் வீட்டுக்கு வந்தான். கொஞ்சம் ஊதியிருந்தான், பேச்சு மெதுவாக வந்தது. தறி பேசுவது நின்றுவிட்டதா என்று நான் கேட்கவில்லை. அவனே, "கொறஞ்சிருக்குது சித்தப்பா" என்றான். சீட்டில் 'இரவு' என்பதை அடித்து, 'படுக்கும் முன்' என்று டாக்டர் தன் கையாலேயே எழுதியிருந்தார். பிரியா, குடோனில் தான் போய்ச் சொல்லட்டுமா என்று அவனிடம் கேட்டாள். அவன் இரண்டு நாள் பதில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் குடோனில் தறிகளை நிறுத்துவார்கள். வாரம் மாறும் நேரம் அது. இரண்டு ஷிப்டு ஆட்களும் அப்போது ஒன்றாக இருப்பார்கள். இளங்குமரன் என்னைத் துணைக்குக் கூட்டிப் போனான். கடைசித் தறி நின்றதும் வந்த அமைதியில் அவன் குரல் தேவைக்கு மேல் சத்தமாக ஒலித்தது.

"எனக்குச் சக்கரை இல்லீங்க. மனசுச் சீக்கு. அதுக்குத்தான் மாத்திரை சாப்பிடறேன். தப்பான நேரத்துல சாப்பிட்டதாலதான் தறிகிட்டத் தூங்குனேன். புதன்கிழமை காலைல ஏழு மணிக்கு நம்ம ஆஸ்பத்திரிக்கு டாக்டரு வர்றாரு. வேணுங்கறவங்க போங்க."

பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தன் தார்ப்பெட்டியைக் கிளறினான். ஒருத்தன் சிரித்து, சிரிப்பை விழுங்கினான். அர்த்தநாரி மட்டும் அவன் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், "எதுக்குடா கண்ணு இத்தன பேரு முன்னால? எங்கிட்டத் தனியாச் சொல்லியிருந்தா நான் பாத்திருப்பனல்லொ" என்றார். பிறகு, "ஒரு மாசம் ஊட்டுல இரு, பாக்கலாம்" என்றார்.

ஒரு மாசத்துக்குப் பிறகும் கூப்பிடவில்லை. அவனுடைய ஆறு தறியையும் பரணி என்கிற பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். தாராபுரத்துக்காரன், கல்யாணமாகி ஒரு வருசம். அன்றைக்குச் சிரிப்பை விழுங்கினவன் அவன்தான். இளங்குமரன் மங்கலத்தில் ஒரு குடோனில் தார் சுற்றப் போகிறான், பகலில் மட்டும். தறி ஓட்டியவனுக்கு அது இறக்கம். அதைப் பற்றி அவன் பேசுவதில்லை. பிரியாதான் ஒரு நாள் வாசலில் நின்று அர்த்தநாரி குடோனைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஏழு மணி டாக்டருக்கு முதல் புதன்கிழமை இரண்டு பேர். மறுவாரம் இளங்குமரன் மட்டும். அதற்கடுத்த வாரம் நான்கு. நான் வாசலில் உட்கார்ந்து ஒச்சம்மாளுக்காக டோக்கன் கொடுப்பேன். வந்தவர்கள் பெஞ்சில் இடம் விட்டு விட்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, எட்டேகால் மணிக்குக் கேட்டில் ஒருவன் வந்து நின்றான். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. தலை முழுக்கப் பஞ்சு. பரணி. பெஞ்சில் இளங்குமரன் இருப்பதைப் பார்த்ததும் திரும்பினான்.

"டேய், வாடா" என்றான் இளங்குமரன்.

பரணி தலையைக் குனிந்துகொண்டு வந்தான். பெஞ்சில் இடமில்லை. இளங்குமரன் நகர்ந்து, பக்கத்தில் இருந்தவரையும் நகர்த்தி, இடம் உண்டாக்கினான்.

"எந்த ஷிப்டு?"

"ராத்திரிங்கண்ணா."

இளங்குமரன் தன் டோக்கனை அவன் கையில் வைத்தான். "அப்ப எனக்கு முந்தி நீ போ. உனக்குத் தூங்கோணும்."